இருபது நிமிடம்

வீட்டுத் தரகர் பெர்னார்தினோவின் கணக்கில்
எல்லா ஊரும் இருபது நிமிடம்.
கெலூஸ் இருபது. லோரெஸ் இருபது.
ஆற்றுக்கு அக்கரை பாரேய்ரோவும்
அதே இருபது.
அவர் காரில் போகிறவர்,
அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

எனக்கு லிஸ்பனில் ஏழரைக்கு வேலை,
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.
வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம்
ரயில் தாமதம் என்று சொல்லிப் பாருங்கள்.

அதனால் வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டு
வழி பார்க்கத் தொடங்கினேன்.
விடியாத செவ்வாய்க்கிழமைகளில்
இன்னும் என்னுடையதாகாத ஒரு வாசலுக்குப் போய்
அங்கிருந்து புறப்படுவேன்,
அங்கேயே தூங்கி எழுந்தவள் போல.

கெலூஸில் ரயில் கதவு திறந்தபோது
உள்ளே இருந்தவர்கள் பார்த்த பார்வையில்
இடமில்லை என்பது எழுதியிருந்தது.
யாருடைய குடையோ என் விலாவில்,
என் முழங்கை யாருடைய ரொட்டிப் பொட்டலத்திலோ.
ரோசியோவில் பிதுங்கி விழுந்து
மேடேறி, கையுறை மாட்டும்வரை
ஐம்பத்திரண்டு நிமிடம்.

லோரெஸுக்குப் பேருந்து.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
அது ஊர்ந்ததில் தேய்ந்தது நான்.

பாரேய்ரோவுக்குப் போன செவ்வாயன்று பனிமூட்டம்.
ஆறு இருந்த இடத்தில் ஆறு இல்லை.
படகு கட்டியபடி நின்றது,
அறிவிப்புப் பலகை கண் சிமிட்டியது.
யாரும் சத்தம் போடவில்லை.
ஒருத்தி உதட்டுச்சாயம் பூசி முடித்துவிட்டு
பக்கத்தில் இருந்தவளுக்கும் நீட்டினாள்.
சிமெண்ட் படிந்த காலணிக்காரர் ஒருவர்
நின்றபடியே தூங்கினார்,
அனுபவம் தெரிந்தது.
முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஊதல் கேட்டது.
அன்று கூடத்தில் என் மேற்பார்வையாளர்
ஒன்றும் சொல்லாமல்
சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

ஆனாலும் அந்த வீட்டைக் கழிக்க முடியவில்லை.
கெலூஸில் ஓர் அறைக்குக் கேட்ட வாடகையில்
இங்கே இரண்டு.
இரண்டாவதில் ஜன்னல் சின்னது,
கதவு தரையில் உரசுகிறது,
உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடித்திருக்கிறது.

பையன் மாதத்தில் பாதிதானே உங்களிடம்,
எதற்கு இரண்டு அறை,
கூடத்தில் ஒரு சோபா போதுமே
என்றார் பெர்னார்தினோ.
நல்ல மனிதர். கணக்கும் சரி.
அவன் அப்பாவிடம் இருக்கிற வாரங்களில்
காலியாகக் கிடக்கப்போகும் கட்டிலுக்கும்
முழு வாடகை.

இரவு தாளில் போட்டுப் பார்த்தேன்:
வாடகை, மாத பாஸ், மின்சாரம்,
என் வாரங்களில் அவன் ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும்,
பள்ளி ஏழுக்குத் திறக்கும்,
வாயில்காப்பாளர் லுர்தெஸ் லீவு எடுக்காதிருந்தால்.
ஒரு பக்கம் எட்டு வயதின் தூக்கம்,
இன்னொரு பக்கம் ஒரு கதவு.
அவன் கோபித்துக்கொண்டு போய்ச் சாத்திக்கொள்ள
ஒரு கதவு.
எந்தக் கட்டத்தில் கூட்டுவது, எந்தக் கட்டத்தில் கழிப்பது,
தெரியாமல் தாளை மடித்தேன்.
காலையில் முன்பணம் அனுப்பினேன்.

முதல் திங்கட்கிழமை,
நினைத்தபடியே,
பனி.

தொமே கண்ணாடியில் மூக்கை அழுத்தி
இல்லாத ஆற்றைத் தேடினான்.
அப்பா வீட்டிலிருந்து பள்ளிக்கு
நடந்தே போகலாம், என்றான்.
தெரியும், என்றேன்.
படகு எப்போது கிளம்பும்?

வாயில் வந்துவிட்டது:
இருபது நிமிடம்.

அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு என்னை.
நம்பவில்லை.
ஆனால் பையைத் தோளிலிருந்து இறக்கி
என் காலடியில் வைத்தான்.